கஜலட்சுமி கொடுக்க வந்த பால்

மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஷிராணிக்கு, மூன்றாம் மாதத்தில் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுப்பதுதான். பிறகு அவளை மட்டும் கண்டிக்குக் கூப்பிட்டு, எச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள். புருஷன் எஸ்ரனிடம் சொன்னாள். மறுநாள் கொழும்புக்குப் போனவன்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். பெரிய வீரன்.

ஷிராணி எங்கே ஓடுவாள்? "மாத்திரைய ஒருநாளும் விடாம குடிங்க, பிள்ளைய காப்பாத்தலாம். பிறந்த பிறகு பால்மா மட்டும் குடுங்க. தாய்ப்பால் யாரோடதும் வேணாம்," என்றார் டொக்டர். அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

பெண் குழந்தை பிறந்த பத்தாம் நாள், பக்கத்து வீட்டுக் கஜலட்சுமி வந்தாள். அவளும் கைப்பிள்ளைக்காரி, நல்ல மனசு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒருத்திக்குப் பால் வராவிட்டால் இன்னொருத்தி கொடுப்பாள். ஷிராணி அடுப்படியில் நின்ற நேரம், அழுத பிள்ளையை எடுத்து மடியில் போட்டுச் சட்டையைத் தளர்த்தினாள். ஷிராணி ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கினாள்.

"ஏன், எங்க சாதிப் பால் ஒன் புள்ளைக்கு ஆகாதா?"

"அப்படி இல்லக்கா."

"அப்ப என்னான்னு சொல்லு."

எதைச் சொல்வது? ஷிராணி பிள்ளையை அணைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சாதித் திமிர் பிடித்தவள் என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அதன்பிறகு அவள் வாசலை யாரும் மிதிக்கவில்லை. பிள்ளைக்கு மருந்து கொடுத்ததும், பரிசோதனைக்குக் கண்டி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்ததும், முடிவு வரும்வரை சோறு இறங்காமல் கிடந்ததும் தன்னந்தனியாகத்தான்.

பதினெட்டாம் மாதம் கடைசிப் பரிசோதனை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார் டொக்டர். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறியதிலிருந்து ஷிராணிக்கு ஒரே தவிப்பு. இவ்வளவு பெரிய சந்தோஷத்தைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

லயத்துக் குழாயடியில் கஜலட்சுமி நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் பழைய கோபமெல்லாம் போய்விடும். ஆனால் அந்த வார்த்தை லயத்துக்குப் போனால், பிள்ளையோடு விளையாட ஒரு குழந்தையையும் விடமாட்டார்கள். ஷிராணி கடந்துபோகப் பார்த்தாள். பிள்ளை கஜலட்சுமியிடம் கை நீட்டியது.

"தூக்கலாமா? இல்ல, அதுவும் ஆகாதா?"

"தூக்கிக்கக்கா," என்றாள் ஷிராணி. அதற்குமேல் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒருவழியாகத் திமிர் அடங்கியிருக்கிறது என்று கஜலட்சுமி நினைத்துக்கொண்டாள். "சரி விடு, நான் மன்னிச்சிட்டேன்," என்றாள்.