எலுமிச்சை மரங்களின் கீழே நரிப்பயறு விதைத்த குப்பம்மாள்

தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸ் எலுமிச்சைத் தோட்டத்தில் குப்பம்மாளோடு வேலை பார்த்த உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பாத்தி கட்டிக்கொண்டிருந்தபோது அவள் தம்பி வேலிக்கு வெளியே வந்து நின்றான். "அக்கா போயிட்டா மேஸ்திரி" என்றான்.

புருஷனைச் சுரங்கத்தில் பறிகொடுத்த மறுமாதம் தோட்டத்துக்கு வந்தவள் அவள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு மரத்தடி துடைத்த தரையாக இருக்க வேண்டும். ஒரு புல் தலைகாட்டினாலும் மேஸ்திரியான என்மேல்தான் பாய்வார். கோடையில் அந்த வெறும் மண் பாளம்பாளமாக வெடித்தது. "இன்னா அண்ணே, மண்ணுக்கு மட்டும் வெயில் சுடாதா?" என்று கேட்டாள்.

சித்திரை மழையில், யாரையும் கேட்காமல், ஊரிலிருந்து கொண்டுவந்த, மண்ணை மூடிப் படரும் நரிப்பயற்றை மரங்களுக்கு நடுவே தூவிவிட்டாள். ஆனியில் தரையே தெரியாமல் கொடி படர்ந்தது. துரை வருகிறார் என்று சேதி வந்ததும் நான் பயந்துபோனேன். "எல்லாத்தையும் பிடுங்கு" என்று அவளிடமே சொன்னேன். பிடுங்கினாள். பூவும் பிஞ்சுமாக இருந்த கொடிகளை மடியில் அள்ளிக்கொண்டு போனதை நீங்களும் பார்த்தீர்கள். மேட்டோரக் கடைசி வரிசைக்கு வருமுன் பொழுது சாய்ந்துவிட்டது. துரை அந்தப் பக்கம் வராததால் அது மட்டும் தப்பியது.

அடுத்த கோடையில் மற்ற வரிசைகளில் இலை சுருண்டு மரங்கள் பட்டுப்போயின. மேட்டு வரிசையில் காய்ந்த கொடி மெத்தையாய் மண்ணை மூடிக் கிடந்தது. மரங்கள் காய்த்து நின்றன. "இது யார் செய்தது?" என்று துரை மெச்சிக் கேட்டார். "நான்தான்" என்றேன். குப்பம்மாள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

துரை போனபின், "மரம் பொழைச்சுதே, அது போதும் அண்ணே" என்றாள். அன்றே நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். அந்த மழைக்குத் தோட்டம் முழுக்க நரிப்பயறு விதைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவள்தான் விதைத்தாள்.

போன வாரம் அவளைப் பார்க்கக் காய்ச்சல்காரர்களின் கொட்டகைக்குப் போனேன். உள்ளே விடவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "பயறு காய் முத்திடுச்சு, வெடிக்கிறதுக்கு முன்னே பறிச்சுடுங்க" என்றாள். "சரிம்மா" என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

நேற்று துரையிடம் போய், அந்த முதல் விதைப்பு குப்பம்மாளுடையது என்று சொன்னேன். "அது யார்?" என்று கேட்டார்.

நீங்கள் அவளை அறிந்தவர்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். அவளிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு ஒன்றுதான் என்னிடம் மிச்சம்.