நடக்கேலாதவன் ஆடிய பொல்லடி

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்கியதைப் பற்றிப் பெரிய முறைப்பாடு இல்லை. தேநீரில் சீனி தானாகக் கரைந்தது. கால்தான் மானத்தை வாங்கியது. ஒழுங்காக நடந்து வருவேன்; வாசலைக் கண்டதும் பாதம் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அத்தனை புத்தகம் படித்த மூளையின் கட்டளை முழங்காலுக்குக் கீழே செல்லுபடியாகவில்லை.

ஒருநாள் குசினி வாசலில் அப்படி நின்றபோது, உள்ளே மனைவி மா இடிக்கத் தொடங்கினாள். உலக்கை விழ விழக் கால் எழுந்தது. உள்ளே போய்விட்டேன்.

"இடிச்சாத்தான் நடப்பீங்களோ? அப்ப உரலத் தூக்கிட்டுப் பின்னால வரட்டா?" என்றாள்.

கல்முனையில் டொக்டரிடம் சொன்னேன். "தாளம் சிலருக்கு உதவும். ஆடிப் பாருங்க" என்றார்.

இளவயதில் நான் பொல்லடி ஆடியவன். ஆளுக்கிரண்டு குறுந்தடியோடு வட்டமாய் நின்று, பக்கத்தில் நிற்பவனின் பொல்லில் அடித்தடித்துச் சுற்றும் ஆட்டம். ஊர்க்குழு அந்தியில் பழகும் வளவுக்குப் போனேன். ஆட்டத்தை நடத்தும் அண்ணாவியார் என் பள்ளித் தோழன். "நடக்கேலாதாம், ஆட வந்திரிக்கான்" என்றான். ஆடினேன். அடி விழுந்துகொண்டிருக்கும்வரை காலுக்கு என் உத்தரவு தேவைப்படவில்லை.

பிறகு மகளின் கலியாணம். எங்கள் குடும்பத்தில், பொல்லடியோடு வரும் மாப்பிள்ளையை வெளிவாசல் கடப்படியில் கைபிடித்துப் பந்தலுக்குள் கூட்டிவருவது பெண்ணின் தகப்பன்.

"நீங்க கதிரையில இரிங்க மச்சான், நான் கூட்டி வாறன்" என்றான் மனைவியின் தம்பி.

"அவள்ற வாப்பா நான்தான். நான்தான் போவன்" என்றேன்.

ஊர்வலம் வந்தது. பொல்லுச் சத்தத்தில் வாசற்படியைச் சுலபமாகத் தாண்டினேன். பாதி முற்றத்தில் அண்ணாவியார் என்னைக் கண்டான். பெண்ணின் வாப்பா வருகிறார் என்று மரியாதையாகக் கையை உயர்த்தினான். பொல்லுகள் நின்றன. கூடவே என் கால்களும். சபை அமைதியாக எழுந்து நின்றது. நானும் நின்றேன், வேறு வழியில்லாமல். மைத்துனன் கதிரையோடு ஓடி வந்தான்.

அப்போது குசினிப் பக்கம் உலக்கைச் சத்தம். பட்டுச் சாரியோடு மனைவி வெறும் உரலை இடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாவியாருக்கு விளங்கிவிட்டது. "அடிங்கடா, நிப்பாட்டாதீங்க" என்றான்.

மைத்துனனையும் கதிரையையும் கடந்து போய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். அவர் கையும் நடுங்கியது. நோயாளி யாரென்று சபைக்குப் பிரித்தறிய முடியவில்லை.