பின்சீட்

வெள்ளைத்துரை, டீயில் சர்க்கரை இல்லாவிட்டாலும் வாயைத் திறக்காமல் குடித்துவிட்டு வருகிற ஆள். அன்று சிம்மக்கல் மெக்கானிக் கடையில் அவனுக்கே பொறுக்கவில்லை. டயர் மாற்றக் கொடுத்த பைக்கின் அலாய் வீல், நகம் நுழையுமளவு விரிசல் விட்டிருந்தது. மனைவி பாண்டீஸ்வரி கைக்குழந்தையோடு ரோட்டோரம் நின்றாள்.

“கம்பியப் போட்டு நெம்பி ஒடச்சிட்டியே தம்பி.”

“சும்மா கீறல்ண்ணே. தாராளமா ஊருக்கு ஓட்டிட்டுப் போங்க,” என்றான் மெக்கானிக், நிமிராமல்.

“அப்ப நீ பின்னால ஏறு. கொட்டாம்பட்டி வரைக்கும் போயிட்டு வருவோம்.”

மெக்கானிக் இப்போதுதான் நிமிர்ந்தான். “நாலுவழிச் சாலையிலயா? நான் புள்ளகுட்டிக்காரன்ணே.”

அந்தப் பாவி பழந்துணியால் பின்சீட்டைத் துடைத்துவிட்டு, பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டான்.

“ஏறுங்கக்கா. புள்ளைக்கு வெயில் படுதுல்ல.”