டைட்டானியத்துக்கு ஒரு ‘வாங்க’

பம்பு ஷாஃப்ட் கடைவதற்காக, கையிலிருந்த ஒரே டைட்டானியம் கம்பியோடு விருத்தாசலத்தில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். கடைசல்காரர் ஒல்லி. மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். இரும்பை ‘வாடா’ என்று அழைத்து மாட்டுகிறவர், என் கம்பியை மட்டும் ‘வாங்க, வாங்க’ என்றார்.

“இதுக்கு மட்டும் என்னண்ணே மரியாதை?”

“கடையும்போது இது பிசின் மாதிரி தம்பி. நடுவுல நிறுத்துனா டூலுல ஒட்டிக்கும், கம்பி போச்சு. நீ சீவி வர்ற சுருளைக் கொக்கியில மாட்டி இழுத்துக்கிட்டே போ.”

இழுத்தேன். அறுபடாத சுருள் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. திட்டக்குடி பஸ் நின்று ஹாரன் அடித்தது. “நிக்காத, போ” என்று உள்ளேயிருந்து அவர் சிரிக்க, நானும் சிரித்துக்கொண்டே எதிர் டீக்கடைக்குள் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், ஷாஃப்ட் வழவழவென்று வந்திருந்தது.

வேலை முடிந்தும் கிளம்ப மனமில்லாமல் நின்றேன். அதுவரை ‘போ, வா’ என்றவர், “போயிட்டு வாங்க தம்பி” என்றார். நானும் ஒட்டிக்கொள்வேன் என்று பயந்துவிட்டாரோ, தெரியவில்லை.