அவர் சொல்லிக்கொடுத்த நிறங்கள்

என் மகள் முதலாம் ஆண்டில் சேர வேண்டியதற்கு முந்தின வருடம் நடந்தது இது. அப்போது நாங்கள் மலேசியாவில் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். என் கணவருக்குச் செம்பனைப் பழம் வெட்டும் வேலை.

ஆறு வயதாகியும் மகளுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. தெரிந்த சில வார்த்தைகளையே திரும்பத் திரும்பச் சொல்வாள். பசித்தால் சோற்றுப் பானை பக்கத்தில் போய் நின்று அழுவாள். பாலர் பள்ளி ஆசிரியை, "முதலாம் ஆண்டு போனா சரியாயிடும், பொறுத்துப் பாருங்கம்மா" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. வகுப்பில் ஒரு மூலையில் உட்கார வைத்து அப்படியே விட்டுவிடுவார்களோ என்று பயந்தேன்.

கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஓர் அக்காதான் வழி சொன்னார். அவர் மகள் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறாள். "ஸ்கூல்ல சொல்லட்டும்னு உக்காந்திருக்காத லா. கவர்மென்ட் கிளினிக்குக்கு நீயே போயி, பிள்ளைய பரிசோதிக்கணும்னு கேளு. கேக்கறதுக்கு உனக்கு உரிமை இருக்கு" என்றார்.

போய்க் கேட்டேன். கிளினிக் டாக்டர் மகளைப் பார்த்துவிட்டு, சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் குழந்தை நிபுணரைப் பார்க்க எழுதிக் கொடுத்தார். நிபுணர் உறுதிப்படுத்தினால் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ கார்டு எடுக்கலாம், பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சிறப்பு வகுப்பு கேட்கலாம் என்றும் விளக்கினார்.

கார்டு என்றதும் கணவரின் முகம் சுருங்கிவிட்டது. "பொம்பளப் பிள்ளைக்குக் கார்டு எடுத்தா தோட்டம் பூரா பேச்சாயிடும். நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்றார். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து வேலை முடிந்து குளித்த கையோடு, மகளைத் துணிக்கொடிக்குக் கீழே உட்கார வைத்துக்கொள்வார். டாக்டர் மலாயில்தான் கேட்பார் என்று, துணி கிளிப்புகளைக் காட்டி மலாயில் நிறங்களைச் சொல்லிக்கொடுப்பார். மேரா, பீரு, கூனிங், ஈஜாவ். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. மகளை எப்படியாவது பாஸாக்கிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கோ அவள் பாஸாகிவிடுவாளோ என்று பயம். எந்தத் தாய்க்கு இப்படி ஒரு பயம் வரும், சொல்லுங்கள்.

நிபுணர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. சிவப்பு அட்டையைக் காட்டினார். மகள் "மேரா" என்றாள். கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்தது பச்சை. "பீரு" என்றாள். மறுபடியும் சிவப்பைக் காட்டினார். "கூனிங்" என்றாள். உன் பெயர் என்ன என்று கேட்டதற்கு "ஈஜாவ்" என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

யார் சொல்லிக்கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். கணவர் தலையைக் குனிந்தபடி கையைத் தூக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் இவள் கற்றுக்கொள்கிறாள், சிறப்பு வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள் என்றார் டாக்டர். இது பரீட்சை இல்லை, வீட்டில் எப்படி இருக்கிறாளோ அதைச் சொல்லுங்கள் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் பேச ஆரம்பித்துவிட்டார். மகளுக்குப் பசிக்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியாது என்றார், அரைகுறை மலாயில். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மோட்டார் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள், மற்ற பிள்ளைகள் விளையாடுவதைத் தூர நின்றே பார்க்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாகச் சொன்னது எனக்கே தெரியாது. அத்தனையையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் மனிதர்.

வெளியே வந்ததும் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எல்லாத்தையும் சொல்லிட்டேனா? ஏதும் விட்டுட்டேனா?" என்று என்னைக் கேட்டார்.

இரண்டு மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கி, ஒரு வழியாக டவுன் பள்ளியில் சிறப்பு வகுப்பு கிடைத்தது. இப்போது பசித்தால் மகள் "அப்பா, சோறு" என்கிறாள். என்னைக் கேட்பதில்லை, அவரைத்தான் கேட்கிறாள். பிள்ளைக்கு முடியாததை வாய்விட்டுச் சொல்வது அவளைக் குறைத்துப் பேசுவது ஆகாது என்பதை, அவளை யாரும் குறைத்துப் பேசிவிடக் கூடாது என்று பயந்து கிடந்த அந்த மனிதரிடமிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.