நோட்டோடு வந்த மேடம்

திருத்தணியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நான் நர்ஸாக இருந்தபோது, எங்கள் நர்சிங் சூப்பரின்டெண்டாகப் புதிதாக ஒரு மேடம் வந்தார். வந்த வாரமே எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களா? தூக்கம் வருதா? மனசுல ஏதாச்சும் பாரம் இருக்கா?" என்று கேட்டார். பதிலை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நான் வேலைக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

"பாத்து பேசுக்கா," என்றாள் உடன் வேலை செய்த ஆர்.கே.பேட்டைப் பெண். "எல்லாத்தையும் எழுதிகினு போறாங்க. யாரை வேலையவிட்டுத் தூக்கலாம்னு பாக்குறாங்க போல."

எனக்கும் அதே சந்தேகம். சோதித்துப் பார்க்க ஒரு பொய் சொன்னேன். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகப்போகிறேன் என்று மேடத்திடம் மட்டும் சொன்னேன். ஆபீஸில் யாராவது அதைப் பற்றிக் கேட்டால், மேடம்தான் போட்டுக்கொடுக்கிறார் என்று தெரிந்துவிடும். ஒரு மாதம் காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. சந்தேகம் அப்போதும் தீரவில்லை.

ஆடிக்கிருத்திகை அன்று மதியம், காவடி எடுத்து வந்த ஒரு பெரியவரை மலைப்படியிலிருந்து தூக்கி வந்தார்கள். நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். பிழைக்கவில்லை. அவருடைய மகன் என் கன்னத்தில் அறைந்தான். ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த கட்டிலுக்குப் போனேன். இரண்டு முறை குத்தியும் ஊசி நரம்பில் ஏறவில்லை.

மேடம் வந்து ஊசியை வாங்கிக்கொண்டார். "நீங்க போய் உக்காருங்க. நான் பாக்குறேன்." என் ஷிப்ட் முடியும்வரை அவரே நின்றார். பிறகு உடை மாற்றும் அறைக்கு வந்து, "போலீஸ்ல எழுதிக் குடுக்கலாமா? உங்க இஷ்டம்ங்க," என்றார்.

"வேணாம் மேடம். அப்பாவைப் பறிகொடுத்தவன்."

அவர் வற்புறுத்தவில்லை. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த நோட்டுல என்னதான் எழுதுறீங்க?" என்றேன்.

நோட்டைப் பிரித்து என் பக்கத்தைக் காட்டினார். 'மூணு பேர் செய்ய வேண்டியதை ரெண்டு பேர் செய்யறாங்க. மதியம் சாப்பிடறதில்லை.' அவ்வளவுதான். நான் சொன்ன சென்னைப் பொய் அதில் இல்லவே இல்லை. அதன் கீழே, கூடுதலாக ஒரு நர்ஸ் கேட்டு அவர் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஒட்டியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு மாதம் கழித்துப் பகல் ஷிப்டுக்கு மூன்றாவது நர்ஸ் வந்தாள். முதல் நாள் உட்கார்ந்து சாப்பிட்டபோது ஆர்.கே.பேட்டைப் பெண் கேட்டாள்: "இப்படி உக்காந்து சாப்புடறது எத்தினி நாளைக்குக்கா?"

 பழைய பழக்கத்தில் சோற்றை வேகமாகவே சாப்பிட்டு முடித்தேன்.