செவுத்து சினிமா கம்பெனி

மலையேறிப் படம் காட்டுகிறவர்களுக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று மழை, இன்னொன்று அந்தப் படத்தை ஏற்கெனவே போனில் பார்த்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்து கதை சொல்கிறவர். மழையாவது எப்போதாவது நிற்கும்.

கல்யாண வீடியோ எடுக்கிறவர்களே, மைக்செட் கட்டுகிறவர்களே, பந்தல்காரர்களே, ஊரே கைகழுவிய பிறகு ஆறிப்போன சாம்பாரோடு கடைசிப் பந்தியில் உட்காரவைக்கப்படும் என் இனத்தவரே! உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துச் சிரித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் சிவநேசன், நடுப்பெண் நான், தங்கை மாலதி. மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்தபோது மாலதி அம்மாவின் இடுப்பில் இருந்தாள். ஜவ்வாது மலை அடிவாரத்து அகதி முகாமில் வளர்ந்தோம். எங்கள் முகாமில் ஆணாகப் பிறந்தால் பெயிண்ட் வேலை என்று தலையில் எழுதியிருக்கும். அண்ணனும் மீசை முளைக்குமுன் பிரஷைப் பிடித்தான். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கப் போனவன் ஒரு யோசனையோடு இறங்கி வந்தான். மேலே தியேட்டர் இல்லை, சினிமா பார்க்க சனங்கள் மலையிறங்க வேண்டும், நாம் ஏன் மேலே கொண்டுபோய்க் காட்டக்கூடாது?

"சுவர் கிடக்கு, வெள்ளையடிக்க எனக்குத் தெரியும், வேற என்ன வேணும்?" என்றான்.

மாலதி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ப்ரொஜெக்டர் வேணும் அண்ணா."

அனுமதி

மலையில் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் தலையசைக்காமல் ஒரு பந்தக்கால்கூட நட முடியாது. மேல்கொல்லை ஊர்க்கவுண்டரிடம் ஒரு சுவர் கேட்டுப் போனோம். அண்ணன் எங்கள் கடற்கரைப் பேச்சிலேயே ஒரு பிரசங்கம் செய்தான். சுவரை நாங்களே பூசி, நாங்களே வெள்ளையடித்து, திருவிழாவுக்குத் திருவிழா அதில் படம் காட்டுவோம், வேறு நாளில் சுவர் உங்களுடையது என்றெல்லாம் சொன்னான். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்றே நான் நினைத்தேன். பிரசங்கம் முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நீ பேசறது கிட்டத்தட்ட தமிழ் மாதிரிதாம்பா கீது. வெளிய இருந்து வந்தவங்கள நம்பி செவுத்த குடுக்கறோம், பாத்துக்க."

பளபளப்பு

பெயிண்டர் சினிமா காட்டினால் என்ன தப்பு செய்வான்? பெயிண்டர் செய்கிற தப்பைத்தான் செய்வான். ஊரின் முதல் திரை, சாதாரண வெள்ளை அடித்தால் மரியாதையாக இருக்காது என்று அண்ணன் முடிவு கட்டினான். பட்டி பார்த்து, உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, பணக்கார வீட்டுக் கதவுக்கு அடிக்கிற பளபள எனாமலை இரண்டு கோட் அடித்துவிட்டான். பகலில் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பெண்கள் அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

பொழுது சாய்ந்ததும் வாடகை ப்ரொஜெக்டரில் படத்தைப் போட்டோம். சுவரின் நடுவில் சூரியன் உதித்த மாதிரி ஒரே வெளிச்சம். கதாநாயகனுக்கு முகமே இல்லை, கதாநாயகி கண்ணுக்கே தெரியவில்லை. இடது ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வலது ஓரத்து மாமரம் தெரிந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மிகவும் மரியாதையாகவே கேட்டார்.

"இன்னாங்க இது, படத்த வுட்டுட்டு உங்க மிஷினயே செவுத்துல காட்றீங்க?"

தாய்மாமன் எங்கே?

அதன் பிறகு சுண்ணாம்புக்கு இறங்கினோம், படமும் தெரிந்தது. ஊருக்கு ஒரு வெள்ளைச் சுவர் என்று மலையில் பரவினோம். பக்கத்து ஊருக்குச் சுவர் இருக்கிறது, எங்களுக்கு இல்லையா என்று சண்டைக்கே வந்தார்கள். ஒரு பழைய குட்டியானை வண்டி வாங்கினோம். ஜமுனாமரத்தூரில் கடை பிடித்தோம். மாலதி கேமரா கற்றுக்கொண்டு கல்யாணம் எடுக்கத் தொடங்கினாள், வெட்டி ஒட்டுகிற வேலை எனக்கு வந்தது. முகாமில் கணக்கெடுப்பு நாளென்றால் மட்டும் மூவரும் கீழே இருக்க வேண்டும். முகூர்த்தம் குறிக்குமுன் பஞ்சாங்கத்தோடு எங்களையும் ஒரு வார்த்தை கேட்கிற அளவுக்கு மலைச்சனங்கள் பழகிவிட்டார்கள்.

எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரு கல்யாணத்தை விறுவிறுவென்று வெட்டிக் கொடுத்தேன். பந்தியை அடியோடு தூக்கிவிட்டேன். சனங்கள் சோறு மெல்லுவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? மறுநாளே பெண்ணின் அப்பா கடைக்கு வந்து நின்றார், முகம் கடுகடுவென்றிருந்தது. விஷயம் இதுதான். அவர் மச்சான், பெண்ணின் தாய்மாமன், பழைய சண்டையில் அந்த வீட்டுப் படியே மிதிக்காதவர். கல்யாணத்துக்கு வந்தார். வந்தது பெரிதில்லை, பந்தியில் உட்கார்ந்து கை நனைத்தார். மலையில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் பகை தீர்ந்தது என்று அர்த்தம், பஞ்சாயத்துத் தீர்ப்புக்கும் மேல். அந்த அத்தாட்சியைத்தான் நான் குப்பையில் போட்டிருந்தேன். நல்லவேளை, மாலதி எதையும் அழிக்கிறவள் இல்லை. தாய்மாமனை மீட்டு, குழம்பு ஊற்றியதிலிருந்து இலை மடித்தது வரை முழுசாகச் சேர்த்துக் கொடுத்தேன். ஆனால் அவர் வாசலில் நின்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"தாலி கட்னத நாங்க நேர்லயே பாத்தோம்மா. எங்க மச்சான் சோறு துன்னது எங்க?"

போன் வந்த கதை

நன்றாக ஓடிய தொழிலில் மண் விழுந்தது. செல்போன் கோபுரம் நட்டார்கள், மலைக்குச் சிக்னல் வந்தது, ஆளுக்கொரு போன் வந்தது. நாங்கள் சுவருக்கு வெள்ளையடித்து முடிக்குமுன் படத்தைப் பாதி ஊர் பார்த்து முடித்திருந்தது. ஒரு திருவிழாவில் சுவருக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் ஒரு நாயும்தான். நாய்க்கும் படம் பிடிக்கவில்லை, பாதியில் எழுந்து போய்விட்டது.

அன்று வண்டியில் திரும்பும்போது மாலதி சொன்னாள், போனில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், இந்தச் சனங்களின் முகம். மலையில், மலைக்காரர்களை வைத்து, நாமே ஒரு படம் எடுப்போம். இதுவரை யாரும் செய்ததில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணனுக்குப் பயம் வந்தது. சென்னையில் அடுக்குமாடி வேலைக்கு ஒரு மேஸ்திரி அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவன் போய்விட்டால் கம்பெனி இல்லை, நானும் மாலதியும் ஆளுக்கொரு திசைதான். படகிலிருந்து இறங்கிய நாள்முதல் நாங்கள் பிரிந்ததே இல்லை. அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எடுப்பம். ஆனா இது ஓடேல்லை எண்டா நான் திரும்பப் பெயிண்ட் வாளியைத் தூக்கிறன்."

நடிகர் தேர்வு

கதையை நான் எழுதினேன். எல்லையில் நிற்கும் ஒரு பலாமரம், அதற்காக அடித்துக்கொள்ளும் இரண்டு பங்காளிகள், கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். பெயர் 'எல்லைப் பலா'. மேல்கொல்லையில் ஆள் தேடினோம். மாது என்கிற மீசைக்காரருக்குக் கோபம் நன்றாக வந்தது. சின்னராசுவுக்கு அதைவிட நன்றாக வந்தது. இரண்டு பேரும் முறைத்தால் மாலதியே கேமராவோடு ஓரடி பின்வாங்குவாள். ஆகா, பிறவி நடிகர்கள் என்று பூரித்துப்போனேன்.

படம் முக்கால்வாசி முடிந்தது. சேர்ந்துகொள்கிற காட்சிக்கு வந்தபோது சின்னராசு மரத்தடியிலிருந்து அசையவில்லை, மாது ஆளையே காணோம். ஊரே வாயைப் பொத்திச் சிரித்தது. அப்போதுதான் தெரிந்தது: அவர்கள் நிஜமாகவே பங்காளிகள், ஒரு புளியமரத்துக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பவர்கள். எங்களுக்கு எல்லாம் தெரிந்துதான் புளியைப் பலாவாக மாற்றி எழுதினோம் என்று ஊர் நினைத்திருக்கிறது. முடிவில்லாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அண்ணன் மேஸ்திரிக்குப் போன் போட எழுந்துபோனான். சின்னராசுவிடம் கெஞ்சினேன், நடிப்புதானே என்றேன். அவர் கையைக் கூப்பினார்.

"வேற இன்னா வேணா நடிக்கறேங்க. அவங்கிட்ட பேசறத மட்டும் என்னால நடிக்க முடியாது."

கடைசிக் காட்சி

அன்று மதியச் சாப்பாடு ஊர்க்கவுண்டர் உபயம். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, வெட்டிவைத்த பலா. பந்தி போட்டார்கள். ஊர்க்காரர்கள் அவசர அவசரமாக உட்கார்ந்தார்கள், எதற்கு இந்த அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகு பார்த்தால் இரண்டே இலை காலி, அடுத்தடுத்து. காலையிலிருந்து காணாமல் போயிருந்த மாது எங்கிருந்தோ வந்து ஒன்றில் உட்கார்ந்தார். சின்னராசு நின்றார். ஊர்க்கவுண்டர் தன் இலையைப் பார்த்தபடி, "சோறு ஆறுதுப்பா" என்று மட்டும் சொன்னார். சின்னராசு உட்கார்ந்தார்.

எனக்குப் பழைய தாய்மாமன் ஞாபகம் பளிச்சென்று வந்தது. மாலதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடுப்பந்தலில் கேமராவை நிறுத்தி ஓடவிட்டிருந்தாள். இரண்டு பேரும் குனிந்து சாப்பிட்டார்கள். குழம்பு வந்தது, போனது. பிறகு மாது தன் இலையிலிருந்த ஒரு சுளையை எடுத்து, பக்கம் பார்க்காமலே, அடுத்த இலையில் வைத்தார். பந்தியில் ஒரு வாய்கூட மெல்லவில்லை. சின்னராசு சுளையைப் பார்த்தார், மாதுவைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவரிடம் வாயைத் திறந்தார்.

"கொட்டய எடுத்துட்டு குடுடா."

யார் நடித்தது?

படத்துக்கு அதைவிட நல்ல முடிவை நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் எழுதியிருக்க மாட்டேன். ஆனாலும் கேட்காமல் சேர்க்கலாமா? இருவரையும் தனித்தனியாகக் கடைக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். மாது காலையில் வந்தார், சின்னராசு சாயங்காலம் வந்தார். பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள், தாராளமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போகும்போது இரண்டு பேரும், சொல்லிவைத்த மாதிரி, ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

"நான் நடிச்சேங்க. அவன்தான் நெசம்னு நெனச்சிட்டான்."

முதல் காட்சி

மேல்கொல்லைச் சுவருக்கு அண்ணன் புதுச் சுண்ணாம்பு அடித்தான். மேஸ்திரி மறுநாளுக்குள் பதில் கேட்டிருந்தார். வேலைக்கு நடுவில் அண்ணன் அடிக்கடி போனை எடுத்துப் பார்த்தான். இருட்டுவதற்குள் சனங்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து ஊர்கள் டிராக்டரில் வந்தன. ஆலங்காயத்தில் கடை வைத்திருக்கிறவர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு பஸ்ஸேறி வந்தார்கள். உட்கார இடமில்லாமல் மாமரத்தில் ஏறினார்கள்.

ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கத்தல், ஒரு விசில். பந்தி வந்தது. அத்தனை கூட்டமும் மூச்சுவிடாமல் பார்த்தது. சுளை கை மாறியது. சின்னராசு அந்த வார்த்தையைச் சொன்னபோது மலையே அதிர்ந்தது. நான் வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அண்ணன் ப்ரொஜெக்டரைப் பிடித்தபடி நின்றான், அதை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. பிறகு போனை எடுத்து மேஸ்திரிக்கு வேறு பெயிண்டரின் நம்பரை அனுப்பினான். படம் முடிந்தும் ஒருவரும் எழவில்லை. மாதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"மறுக்கா போடுக்கா. மொத வாட்டி என்னியே பாத்துக்கினு இருந்தேன், கதய வுட்டுட்டேன்."

கார் வந்தது

இப்போது நான்காவது படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நடிக்க ஆள் கேட்டால் ஊரே வரிசையில் நிற்கிறது. பகையாளிகள் யாராவது உண்டா என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் வேடம் கொடுக்கிறேன்.

போன மாதம் நகரத்திலிருந்து ஒரு பெரிய காரில் சினிமா ஆட்கள் வந்தார்கள். மலைக் கல்யாணம் ஒன்றைத் தங்கள் படத்தில் எடுக்க வேண்டுமாம். ஊர்க்கவுண்டரிடம் போய் அனுமதி கேட்டார்கள். நாங்கள் மூவரும் அங்கேதான் சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தோம். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணைத் திறந்து, சுண்ணாம்புக் கையோடு நின்ற எங்களைக் காட்டினார். அண்ணன் கையிலிருந்த பிரஷ் வாளிக்குள் விழுந்தது.

"தோ நிக்குது பாருங்க எங்க கம்பெனி, அவங்கள கேட்டுக்குனு எடுங்க. வெளிய இருந்து வந்தவங்களுக்கு எங்க கல்யாணத்துல எத வெட்டக் கூடாதுன்னு இன்னா தெரியும்?"

ஆகவே, என் இனத்தவரே, தாலியைக்கூட வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள், பந்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.